கிணற்றடியில் ஓகஸ்ட்

வணக்கம் அண்ணா,

சமர் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம். கொழும்பில் ஹோட்டல் போடாமல் இரண்டு கிழமையும் புங்குடுதீவில் அப்பாவின் வளவிலேயே தங்க யோசனை. வீடு திருத்தியாயிற்று, கிணற்றுக்குப் பெரிய மோட்டரும் பூட்டச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு 12, 9 வயது. தாங்குவார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பிள்ளைகள் தாங்குவார்கள். கிணறு தாங்குமா என்றுதான் எனக்குப் பயம்.

எங்கள் வளவும் தீவுப்பக்கம்தான். கொழும்பு வெள்ளவத்தையில் பைப்பைத் திறந்து பழகிய கையோடு நானும் ஒரு வருடம் மோட்டர் பூட்டி, மேல் தாங்கியை நிரப்பி, பிள்ளைகள் ஷவருக்குக் கீழே ஆட்டம் போட்டு, ஐந்தாம் நாள் பார்த்தால் தேத்தண்ணீர் கரிக்கிறது. சீனியைக் கூட்டியும் சரிவரவில்லை. சித்தப்பா ஒரு சொல் பேசவில்லை. வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

அங்கே மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியில் உவர் கிட்டத்தட்ட 40 அடி ஏறும் என்பது கணக்கு. பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதனால் ஓகஸ்டில் கிணறு மெலிந்து கிடக்கும். வாளியால் அள்ளுங்கள். குடிக்க பவுசரில் (தாங்கி லொறியில்) வரும் தண்ணீர் எடுங்கள். குளிப்பதை வாழையடியில் வைத்துக்கொண்டால் வாழைக்கும் ஆயிற்று.

அப்புறம், ஓகஸ்ட் பனம்பழக் காலம். விடியப்புறம் தொப்பென்று விழும் சத்தத்துக்கு உங்கள் சின்னவர் முதலில் பயப்படுவார், மூன்றாம் நாள் ஆட்டுக்கு முன்னே ஓடிப்போய்ப் பொறுக்குவார். நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, தும்பிலிருந்து மஞ்சள் களியைப் பிசைந்து எடுக்க முழங்கை வரை ஒட்டும், பல்லிடுக்கில் தும்பு இரண்டு நாள் நிற்கும். பனங்காய்ப் பணியாரம் கடையிலும் கிடைக்கிறது, அது வேறு சாமான்.

பயணம்: வெள்ளவத்தையில் இரவு பஸ் எடுத்தால் காலையில் யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, உங்கள் வீடு. நயினாதீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கொஞ்ச நேரப் படகுதான். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும், சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் நன்றாக ஆட்டும், ஆனாலும் குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். காலைப் படகில் போங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

மோட்டரைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.