பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை உதறிவிட்டு, ஓராண்டு இடைவெளி எடுத்து, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாமா?

உதற வேண்டாம். சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பல இடங்களில் இதற்கு வழி உண்டு. ஹார்வர்டு தான் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்குத் தானே இந்த யோசனையைச் சொல்கிறது. சம்மதக் கடிதம் கைக்கு வரும்வரை இடத்தை மறுத்து எதுவும் எழுதிவிடாதீர்கள்.

"இடைவெளி வேண்டும், ஆனால் அதில் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்கிறீர்கள். பாடத்தின் மீதுள்ள சந்தேகத்தைவிட, தேர்வுக் களைப்புதான் இப்படிப் பேச வைக்கிறது என்பது என் ஊகம். சோதித்துப் பாருங்கள்: முதலாண்டுப் பாடத்திட்டத்தில் ஓர் அலகை எடுத்து இரண்டு வாரம் படியுங்கள், மதிப்பெண் கவலையே இல்லாமல். ஆர்வம் வந்தால் உங்களுக்குத் தேவை ஓய்வு. வகுப்பு தொடங்கும் வரையுள்ள மாதங்களே போதலாம். பக்கத்தைப் புரட்டவே கசந்தால் பிரச்சினை பாடத்தேர்வில். அப்போது ஓராண்டு எடுப்பது நியாயம். ஊர்சுற்றல் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் மனம் சாயும் துறையில் நான்கைந்து மாதமாவது, எவ்வளவு சின்ன வேலையானாலும், செய்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இடம் ஒத்திவைக்கப்பட்டாலும் உதவித்தொகை கூடவே நகரும் என்று நம்ப வேண்டாம், தனியாகக் கேளுங்கள். ஐஈஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள் பொதுவாக 2 ஆண்டுகளே செல்லும். தேர்வெழுதிய தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று, இடைவெளியில் வேறு கல்லூரியில் பட்டப்படிப்பு வகுப்பில் சேர்ந்தால் சில இடங்களில் ஒத்திவைப்பே ரத்தாகிவிடும். கடிதத்தில் அதையும் கேட்டுவிடுங்கள்.