உரக்கடைக்கு கம்ப்யூட்டர் பில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: உரம், பூச்சிமருந்து, விதை விற்கும் கடை நடத்துகிறோம். இதுவரை கையால் எழுதும் பில்தான். கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வைத்தால் ஸ்டாக் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் விற்க வந்தவர். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், துறையூர்

பதில்: தானாகச் சரியாகாது. மருந்து பாட்டிலில் 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு, அது எந்தப் பொருள், எத்தனை மில்லி என்பதை மட்டும்தான் சொல்லும். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அதில் கிடையாது. போன வருடச் சரக்கும் இந்த வருடச் சரக்கும் ஒரே தட்டில் நின்றால் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். மளிகைக் கடைக்கு எழுதிய சாஃப்ட்வேரை உரக்கடையில் போட்டு அவதிப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரை உட்காரவைத்து ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மருந்தை இரண்டு பேட்ச், இரண்டு காலாவதி தேதியோடு கொள்முதலில் ஏற்றச் சொல்லுங்கள். பில்லில் ஸ்கேன் செய்ததும் இரண்டு பேட்சும் திரையில் வர வேண்டும். முதலில் காலாவதியாகப் போவது மேலே நிற்க வேண்டும். தேதி கடந்ததற்கு பில் போடவே விடக்கூடாது. இது வராத சாஃப்ட்வேர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்தது எண்ணிக்கை. சீசன் இல்லாத மாதத்தில், கடை மூடிய பிறகு, ரேக் ரேக்காக எண்ணுங்கள். ஒருவர் பெயர், பேட்ச், தேதி, எண்ணிக்கை சொல்ல, இன்னொருவர் எழுதட்டும். 'சுமார் 40 இருக்கும்' என்று ஏற்றிய ஸ்டாக் முதல் வாரத்திலேயே மைனஸில் போகும். லாரி இறங்கியதும் கொள்முதல் பில்லை ஏற்றிய பிறகே சரக்கு ரேக்குக்குப் போக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் சலுகை கொடுக்காதீர்கள்.

பார்கோடே இல்லாத விதைப் பைக்கும் உதிரிச் சாமான்களுக்கும் 50 மி.மீ. × 25 மி.மீ. லேபிள் அடித்து ஒட்டலாம். ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பிரின்டராகப் பாருங்கள். ரிப்பன் இல்லாத வகை வெப்பத்தில் கறுக்கும் தாளை நம்பியது; மருந்து கசிந்து பட்டால் எழுத்து போய்விடும். பாட்டிலில் ஒட்டினால் நச்சுத்தன்மை காட்டும் வண்ணக் குறியையும் பேட்ச் எண்ணையும் மறைக்கக்கூடாது. லேபிள் குறியீட்டில் எண்கள் மட்டும் வையுங்கள். ஸ்கேனர் கீபோர்டு போலத்தான் வேலை செய்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு ஆனில் இருந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று விழும். 'ஸ்கேனர் ரிப்பேர்' என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு. ஸ்கேனர் க்யூஆரும் படிக்கிற வகையாக இருக்கட்டும்.

கேள்வி: யூரியா இருப்பு பிஓஎஸ் கருவியில் (வாங்குபவரின் விரல் ரேகை வைத்து மானிய உர விற்பனையைப் பதியும் கருவி) ஒன்று, எங்கள் சாஃப்ட்வேரில் ஒன்று, குடோனில் ஒன்று. ஆய்வுக்கு வந்தால் பதில் சொல்ல முடியவில்லை.
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் சாஃப்ட்வேரில் யூரியா மூட்டையின் எடையைப் பாருங்கள். 2018இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக மாறியது. பழைய கணக்கில் டன்னுக்கு 20 மூட்டை என்று பதிவாகியிருந்தால், 9 டன் லோடு வந்ததும் 180 மூட்டை என்று ஏறும். இறங்கியதோ 200. அந்த 200ஐயும் விற்று முடித்தால் திரையில் மைனஸ் 20. யூரியாவுக்கு அலகை மூட்டை என்றே வைத்து, 1 மூட்டை 0.045 டன் என்று மாற்றுங்கள். டிஏபி 50 கிலோதான், அதைத் தொட வேண்டாம்.

அது சரியாக இருந்தால் காரணம் நடைமுறையில் இருக்கிறது. வந்த லோடை கருவியில் பெற்றுக்கொண்டதாகப் பதியாமல் விற்கத் தொடங்குவது ஒன்று. ரேகை விழவில்லை என்று மூட்டையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் யாரோ ஒருவர் விரலில் மொத்தமாகப் போடுவது இன்னொன்று. இரண்டாவது மிகவும் ஆபத்து. மானியம் கருவியில் பதிவாகும் விற்பனையை வைத்துத்தான் கம்பெனிக்குப் போகிறது. ஒரே பெயரில் அளவுக்கு மீறிய மூட்டைகள் சேர்ந்தால் விசாரணை வரும், லைசென்ஸுக்கும் சிக்கல்.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலுக்கு ஈரத்துணியால் துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். கருவியின் கண்ணாடியில் உரத்தூள் படியும். அடிக்கடி மெல்லிய துணியால் துடையுங்கள். கருவியில் ஓடிபி வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தொடர்ந்து ரேகை விழாத விவசாயியிடம் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இரவில் மூன்று இருப்பையும் ஒரே நோட்டில் எழுதிவிட்டுப் பூட்டுங்கள். அன்றைய வித்தியாசத்தை அன்றே பிடிக்கலாம். மாதக் கடைசியில் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: சாஃப்ட்வேரில் எந்தப் பொருளுக்கு எந்த ஜிஎஸ்டி?
– வாசகர், ஆத்தூர்

பதில்: யூரியா, டிஏபி, பொட்டாஷ் 5 சதவீதம். ரசாயனப் பூச்சிமருந்து 18. விதைப்புக்கான விதைக்கும் மண்வெட்டி போன்ற விவசாயக் கைக்கருவிகளுக்கும் வரி இல்லை. 22.9.2025 முதல் உரக்கட்டுப்பாட்டு ஆணையில் வரும் நுண்ணூட்டச் சத்துகள், பட்டியலில் உள்ள உயிரி மருந்துகள், தெளிப்பான், சொட்டுநீர்ப் பாகங்கள் ஆகியவை 12இலிருந்து 5க்கு இறங்கின. பழைய ஸ்டாக்கானாலும் விற்கும் நாளின் வரிதான். அந்த உயிரி மருந்துப் பட்டியலில் வரும் வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தை 'பூச்சிமருந்து' குரூப்பில் போட்டு 18 வாங்கும் கடைகள் இருக்கின்றன. குரூப்புக்கு வரி வைக்காமல் ஒவ்வொரு பொருளுக்கும் வையுங்கள்.

கேள்வி: சின்ன தெர்மல் பிரின்டர் போதுமா? கரன்ட் அடிக்கடி போகிறது.
– வாசகர், வேப்பந்தட்டை

பதில்: மாட்டுத்தீவனத்துக்கும் கயிறுக்கும் போதும். விதைக்கும் மருந்துக்கும் போதாது. முளைக்கவில்லை என்றால் விவசாயி கையில் இருக்கும் முக்கிய ஆதாரம் பில்தான். வெயிலிலோ பிளாஸ்டிக் கவரிலோ கிடந்தால் தெர்மல் எழுத்து வெளுத்துவிடும். ஏ5 தாளில் லேசர் அல்லது டாட் மேட்ரிக்ஸ் போடுங்கள். விதையின் லாட் எண், மருந்தின் பேட்ச், காலாவதி மூன்றும் பில்லில் வர வேண்டும். கம்ப்யூட்டருக்கு 600 விஏ யுபிஎஸ், பில்லை முடித்து மூடுகிற அளவுக்குப் போதும். லேசர் பிரின்டரை அதில் சொருகாதீர்கள், சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

கேள்வி: காலாவதியான மருந்தை சாஃப்ட்வேரிலிருந்து அழித்துவிடலாமா?
– வாசகர், துறையூர்

பதில்: கூடாது. 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதைத் தனியே பிரித்து, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரையிட்டு, காலாவதிச் சரக்கு என்று எழுதிய இடத்தில் வைக்க வேண்டும். சாஃப்ட்வேரிலும் 'காலாவதி' என்று ஒரு குடோன் திறந்து அங்கே மாற்றுங்கள். 120 நாளில் காலாவதியாகும் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, திருப்பி எடுக்கச் சொல்லி விநியோகஸ்தருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.