வகுப்புத் தலைவர் முதல் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) வரை: ஓய்வுபெற்ற என்.எஸ்.எஸ். ஆசிரியரிடம் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் 14 வருடம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலர், அதற்கு முன் கொஞ்ச காலம் சாரண ஆசிரியர். மாணவர் தலைமை, மன்றம், முகாம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஒரு அம்மா, தேனி): ஏழாவது படிக்கிற என் பொண்ணை கிளாஸ் லீடர் ஆக்கிட்டாங்க சார். ஒரே மாசத்துல அவகூட யாரும் பேசுறதில்ல. பேசுறவங்க பேரை போர்டுல எழுதுறாளாம். லீடரே வேணாம்னு அழுறா. விட்டுடச் சொல்லவா?

பதில்: விட வேண்டாம்மா. கையில் இருக்கும் சாக்பீஸை மட்டும் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நம் வகுப்பறைகளில் தலைமைக்கு நாம் சொல்லித்தரும் முதல் பாடமே காட்டிக்கொடுப்பதுதான். ஆசிரியர் ஸ்டாஃப் ரூம் பக்கம் போனதும் போர்டின் ஓரத்தில் பெயர்கள் ஏறும். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடி பேசினால் ‘மி.அ.’, அதற்கும் மேலே போனால் ‘மி.மி.அ.’ (மிக மிக அதிகமாம்!). உயிர்த்தோழியின் பெயர் ஏறி, கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். ஆனால் அழித்த தடம் தெரியும். மொத்த வகுப்பும் அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது உங்கள் பெண் செய்த தப்பு இல்லை, நாங்கள் செய்து வைத்தது. வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள், வேறு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். நான் ஒரு வருடம் பெயர் எழுதும் பழக்கத்தையே நிறுத்திவிட்டு, “இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சொல்” என்று வகுப்புத் தலைவனிடம் சொன்னேன். மூன்றாவது வாரம் அந்தப் பையன் வந்து, “ஒருத்தி வெள்ளிக்கிழமை மட்டும் வர்றதில்ல சார், அன்னிக்குச் சந்தை. அம்மாகூட கடையில உக்காருது” என்றான். வருகைப் பதிவேடு வருடம் முழுக்க என் கையில்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது.

கேள்வி (தலைமையாசிரியர், பெயர் வேண்டாம் என்றார்): எஸ்.பி.எல்.லை நாங்களே நியமிப்பதா, தேர்தல் வைப்பதா? தேர்தல் என்றால் சாதி பார்த்து ஓட்டு விழுமோ என்று பயம்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2023இல் நாங்குநேரியில் சாதி வன்மத்தில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அந்தப் பயம் இல்லை என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது. அதையடுத்து அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை அதில் பேசப்பட்டிருக்கிறது.

ஆனாலும் தேர்தல்தான் என் கட்சி. முதல் மார்க் வாங்குபவரையோ, ஆசிரியர் வீட்டுப் பிள்ளையையோ நியமித்தால் அதிலும் சாதி இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். நாங்கள் வைத்த முறையைச் சொல்கிறேன். ஆணும் பெண்ணும் நிற்கலாம். பிரேயரில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச்சு. பரிசு, சாக்லேட், போஸ்டர் எதுவும் கூடாது. வாக்குச்சீட்டு, விரலில் மார்க்கர் மை. முக்கியமானது இது: எல்லா வகுப்புச் சீட்டுகளையும் சத்துணவுக் கூடத்தின் பெரிய அண்டாவில் கொட்டி, கிளறி, பிறகு எண்ணுங்கள். எந்த வகுப்பு, எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கணக்கெடுக்க வழியே இருக்காது. தோற்றவர்களை அனுப்பிவிடாதீர்கள், ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். தேர்தல் முடிந்த மறுநாள் தோற்றவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது 1988ஆம் வருடத்து 61ஆவது சட்டத் திருத்தம். பிளஸ் டூ முடித்த கையோடு நிஜப் பூத்துக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள். ஒத்திகை பார்க்க வேறு இடம் ஏது?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர், புதுக்கோட்டை): சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். மூணுல எதுல சேர்ந்தா லீடர்ஷிப் வரும் சார்?

பதில்: தம்பி, மூன்றும் மூன்று விதம். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) 1948இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. பள்ளியில் ஜூனியர் டிவிஷன், முடித்தால் ‘ஏ’ சர்டிபிகேட். ‘சாவ்தான், விஷ்ராம்’ (நேராக நில், இளைப்பாறு) சத்தத்தில் உடம்பு நிமிரும், நேரம் தவறாது. அங்கே முதலில் கற்பது கட்டளைக்குக் கீழ்ப்படிய. கட்டளையிடுவது அப்புறம்தான் வரும்.

சாரணர் இயக்கத்தில் எனக்குப் பிடித்தது அணி முறை. 1907இல் இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்து முகாம் போட்டபோதே, அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். இன்றும் ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. கூடாரக் கயிறு அவிழ்ந்து ராத்திரி நனைந்தால், முடிச்சுப் போட்டவன் யார் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். ஐந்நூறு பேர் பள்ளியில் எஸ்.பி.எல். ஆவதைவிட இது கஷ்டமான பதவி. ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருது வரைக்கும் போகப் பார்.

என்.எஸ்.எஸ். எங்கள் வீடு, அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. பள்ளியில் பிளஸ் ஒன்னில்தான் சேர முடியும். நீ இப்போதைக்கு சாரணரில் சேர், உன் பள்ளியில் இருந்தால்.

கேள்வி (ஒரு அப்பா, ஈரோடு): இதெல்லாம் சரி. மார்க் குறையாதா? பிளஸ் டூ முக்கியமில்லையா?

பதில்: என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு இரண்டரை மணிகூட வராது. அதோடு ஏழு நாள் முகாம், அதுவும் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில். இதனால் மட்டும் மார்க் குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் பொங்கலுக்குப் பிறகும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விழா மேடைக்கு நாற்காலி போடக் கூப்பிடும் பள்ளிகள் உண்டு. அங்கே நீங்கள் தைரியமாக ‘முடியாது’ சொல்லலாம்.

கேள்வி: சர்டிபிகேட்டால் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. தமிழ்நாடு காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. கல்லூரியிலும் என்.சி.சி.யில் தொடர்ந்து ‘சி’ சர்டிபிகேட் வாங்கினால் ராணுவ அதிகாரிப் பணிக்குத் தனி நுழைவு வழியும் இருக்கிறது. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, அறந்தாங்கி): பேச்சுப்போட்டியில மாவட்டம் வரைக்கும் போயிருக்கேன் ஐயா. ஆனா எஸ்.பி.எல். ஆன பிறகு ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு வார்த்தை வரல. ஏன்?

பதில்: போட்டியில் நீ பேசியது உன் தமிழய்யா எழுதிக்கொடுத்தது, சரியா? “அவையோர்க்கு வணக்கம்” தொடங்கி மணி அடிக்கும்வரை மனப்பாடம். அது குரலுக்குப் பயிற்சி, நல்ல பயிற்சிதான். கூட்டத்தில் தேவைப்படுவது வேறு. ‘பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, மூன்று மாதமாக’ என்று சொல்ல உவமை வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி மட்டும் எழுதிக்கொண்டு போ: என்ன குறை, எத்தனை நாளாக, யார் செய்ய வேண்டும். பார்த்தே வாசி. யாரும் பரிசைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி (ஒரு அக்கா, விழுப்புரம்): தங்கச்சிக்கு முகாமுக்குப் போக ஆசை. ஏழு நாள் வெளியே தங்கறதுக்கு வீட்ல விடமாட்டேங்கிறாங்க.

பதில்: வீட்டில் உள்ளவர்களைத் திட்டிப் பயனில்லை. இரவு எங்கே படுப்பார்கள், எந்த ஆசிரியை கூட இருப்பார், கழிப்பறை எங்கே என்ற மூன்று கேள்விக்கும் பள்ளி பதில் சொல்ல வேண்டும். நான் பெற்றோரை முகாமின் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கே வரச்சொல்லிவிடுவேன். இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போனவர்கள் குறைவு.

கேள்வி: எங்க ஊர்ப் பள்ளியில என்.சி.சி. இல்ல, சாரணர் இல்ல, ஒண்ணுமே இல்ல. என்ன பண்றது?

பதில்: ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குங்கள். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது கலைஞர் கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்று ஒன்றைக் கையால் எழுதி நடத்தினார். 1942இல் அவருடைய முரசொலி இதழ் துண்டறிக்கையாக வந்தபோது அவருக்கு வயது 18. அவர் அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, பத்துப் பேரிடம் கட்டுரை கேட்டு வாங்கி, ஒன்பது பேர் தராமல் ஏமாற்றி, குறித்த நாளில் இதழைக் கொண்டுவருவது இருக்கிறதே, அதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. செலவு ஒரு குயர் பேப்பர்.

கேள்வி: நீங்க பார்த்ததிலேயே நல்ல மாணவர் தலைவர் யார் சார்?

பதில்: எஸ்.பி.எல். எவரும் இல்லை. கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன். முகாமில் வேறு வேலைக்கு ஆகமாட்டான் என்று சமையல் கணக்கைக் கொடுத்திருந்தோம். எங்கள் ஆட்கள் 25 பேர். அவனும் 25 பேருக்கு உலை வைக்கச் சொன்னான். முதல் ராத்திரி, வாய்க்கால் வெட்ட எங்களோடு நின்ற ஊர்க்காரர்கள் நாலு பேரும், வேடிக்கை பார்க்க வந்த வாண்டுகளும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்ப முடியுமா? சாம்பார் பாதியில் தீர்ந்தது. ரசம் விட்டுச் சமாளித்தோம். அவனைத் தேடினால், அடுப்படிக்குப் பின்னால் வெறும் வயிற்றோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பார்க்கிறேன், சமையல்கட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது: ‘நாம 25. ஊர் 4. பொடிசுங்க 7. தெரியாம வர்றவங்க 5.’ அந்த ஐந்து பேருக்கான அரிசியை மீதி நாள் முழுக்கத் தனியாக அளந்து போட்டான். ஒருநாளும் மிஞ்சவில்லை.