பழைய சி நிரலும் புதிய கம்பைலரும்: உங்கள் கேள்விகள்

கே: பழைய நிரலில் ஃபங்ஷன் அடைப்புக்குள் வெறும் பெயர்கள், டைப் எல்லாம் கீழே தனித்தனி வரியில். இது பிழையா?

ப: இல்லை, கே அண்ட் ஆர் பாணி, அதாவது கெர்னிகன், ரிச்சி எழுதிய முதல் சி புத்தகத்தின் வழி. சி மொழியின் 1989 தரத்திலேயே இதற்கு நாள் குறித்துவிட்டார்கள், நீக்கியது சி23 என்ற புதிய தரத்தில்தான். டேட்டாவைச் சுருக்கும் லைப்ரரியான ஸீலிப்கூட 2023-இல் வந்த 1.3 பதிப்பில்தான் கைவிட்டது. மாற்றும்போது ஃப்ளோட், ஷார்ட், சார் இருக்கும் இடங்களைப் பாருங்கள். பழைய பாணியில் அவை டபுளாகவும் இன்ட்டாகவும் மாறித்தான் போகும். பாதிக் கோப்புகளை மட்டும் மாற்றினால், அழைக்கும் இடமும் ஃபங்ஷனும் வேறு வேறு டைப்பை எதிர்பார்க்கும்; வம்பு.

கே: கம்பைலரைப் புதுப்பித்ததும் பில்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

ப: எந்தக் கம்பைலர், என்ன பிழை என்று எழுதாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு என்றால், அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்திருப்பீர்கள். 1999 தரம் நீக்கிய வழக்கம்; கால் நூற்றாண்டு எச்சரித்துவிட்டு 2024-இல் பிழையாக்கினார்கள். அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேருங்கள். ஜிசிசி 15 என்றால், நீங்கள் சொல்லாமலே சி23. அதில் பூல் மொழியின் சொல்லாகிவிட்டது; அதே பெயரில் சொந்தமாக டைப்டெஃப் வைத்திருந்தால் அங்கேயே நிற்கும். அவசரத்துக்கு மேக்ஃபைலில் தரத்தை ஜிஎன்யு17 என்று, அதாவது முந்தையதாகப் போடுங்கள். எச்சரிக்கைகளை மட்டும் அணைக்காதீர்கள்.

கே: நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மாலாக்குக்கு முன் காஸ்ட், அதாவது டைப் மாற்றம், போடுவது நல்ல பழக்கம்தானே?

ப: யார் சொன்னது? வாய்டு பாயிண்டர் வராத காலத்தில் மாலாக் சார் பாயிண்டரைத் தந்தது, காஸ்ட் தேவைப்பட்டது. சி++-இல் இன்றும் தேவை. சி-யில் அது எச்சரிக்கையின் வாயைப் பொத்தும் வேலை. பாயிண்டரைத் திருப்பும் ஒரு ஃபங்ஷனுக்கு ஹெடரை மறந்தால், பழைய கம்பைலர் அது இன்ட் தருவதாக எடுத்துக்கொள்ளும். 32 பிட் மெஷினில் இன்ட்டும் பாயிண்டரும் ஒரே அளவு. காஸ்ட் போட்டதும் கம்பைலர் கப்சிப். 64 பிட்டுக்கு மாற்றினால் முகவரியின் மேல்பாதி காணாமல் போகும். இப்படி ஒன்றில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். சின்ன டேட்டாவில் ஓடும், பெரிய டேட்டாவில் விழும். முகவரி சிறியதாக இருக்கும்வரை வெட்டினாலும் தெரியாது, அவ்வளவுதான். அந்த நிரலை எழுதியவர் எல்லா இடத்திலும் ஒழுங்காகக் காஸ்ட் போட்டிருந்தார்; ஹெடரைத்தான் போடவில்லை. மறுபடி சொல்கிறேன், எச்சரிக்கைகளை அணைக்காதீர்கள். காஸ்ட் போட்டும் அணைக்காதீர்கள்.

கே: மாறியை ப்ராசஸருக்குள்ளேயே வைக்கச் சொல்லும் ரெஜிஸ்டர் என்ற சொல்லை எடுத்தால் வேகம் குறையுமா?

ப: குறையாது. ஆப்டிமைஸ் செய்யும் கம்பைலர் அதைச் சட்டை செய்வதில்லை.

கே: அளவு பார்க்காமல் வரியைப் படிக்கும் கெட்ஸ், சரத்தை நகலெடுக்கும் ஸ்டர்காப்பி இரண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். பதிலுக்கு ஸ்டர்என்காப்பி போதுமா?

ப: கெட்ஸ் 1988-இல் இணையத்தில் பரவிய மாரிஸ் வோர்ம் என்ற நாச நிரல் நுழைந்த வாசல்களில் ஒன்று, சி11 அதைத் தூக்கிவிட்டது. எஃப்கெட்ஸ் போடுங்கள், வரிமுடிவு எழுத்தும் கூடவே வரும் என்பதை மறக்காமல். ஸ்டர்என்காப்பி? இடம் நிறைந்தால் கடைசியில் பூஜ்யம் வைக்காது. எஸ்என்பிரின்ட்எஃப் மேல்.

கே: 1 லட்சம் வரி நிரல். மொத்தத்தையும் நவீனமாக்கிவிடலாமா?

ப: டெஸ்ட் இருக்கிறதா? அதை எழுதவில்லையே. முதலில் டெஸ்ட், அப்புறம் ப்ரோட்டோடைப், அதாவது டைப்போடு கூடிய ஃபங்ஷன் அறிவிப்பு. ஓடுகிற நிரலில் இடைவெளியையும் அடைப்பையும் அழகுபடுத்த வேண்டாம்.