சுவருக்கு எத்தனை கல்? கேட்டவர்களுக்குப் பதில்

கட்டட வேலைகளுக்கு அளவெடுத்துக் கணக்குப் போடுவதுதான் 22 வருடமாக என் பிழைப்பு. செங்கல் கணக்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கம்பி, கான்கிரீட், அஸ்திவாரம் எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, சுவர் 20 அடி நீளம், 10 அடி உயரம். நடுவில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். எத்தனை கல் வாங்கலாம்?

கல்லை அளந்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு கல்லை அளந்தால் போதாது. ஒரே சூளையில் வெந்த கல்லிலேயே ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று வளைந்திருக்கும். பத்துக் கல்லை இடைவெளி இல்லாமல் நீளவாக்கில் அடுக்கி, மொத்தத்தை அளந்து பத்தால் வகுங்கள். உயரத்துக்கும் அதேபோல ஒரு தடவை.

நீளம் 9 இன்ச், அகலம் நாலே கால், உயரம் 3 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கதவு 3க்கு 7, அதாவது 21 சதுர அடி. ஜன்னல் 4க்கு 4, அது 16. மொத்தம் 200இல் 37 போனால் 163 சதுர அடி.

இப்போது ஒரு கல் சுவரில் அடைக்கிற இடம். சாந்து அரை இன்ச் என்றால் ஒன்பதரைக்கு மூன்றரை, 33.25 சதுர இன்ச். ஒரு சதுர அடி 144 சதுர இன்ச். வகுத்தால் 4.33 கல். அதை 163ஆல் பெருக்கினால் 706. இது நாலரை இன்ச் சுவருக்கு, அதாவது கனத்தில் ஒரே ஒரு கல் வருகிற சுவருக்கு. ஒன்பது இன்ச் சுவர் என்றால் இரட்டிப்பு, 1,412. இதன்மேல் 100க்கு 5 சேதாரம் சேருங்கள்.

கேள்வி: கல்லைச் சுற்றி நாலு பக்கமும் சாந்து இருக்கிறதே, நீளத்தில் ஒரு அரை, உயரத்தில் ஒரு அரை மட்டும் ஏன் சேர்க்கிறீர்கள்?

ஒவ்வொரு சாந்தும் இரண்டு கல்லுக்குப் பொது. இந்தக் கல்லுக்குப் பாதி, பக்கத்துக் கல்லுக்குப் பாதி.

கேள்வி: நான் சாந்தையே கணக்கில் எடுக்கவில்லை. அதே சுவருக்கு 869 வருகிறது. கூட இருந்தால் நல்லதுதானே?

9க்கு 3 என்று போட்டால் சதுர அடிக்கு 5.33. சாந்தோடு 4.33. சதுர அடிக்கு ஒரு கல் அப்படியே அதிகம்! 163 சதுர அடிக்கு 163 கல். நல்லதா என்று கேட்டால், வேலை முடிந்த பிறகு அந்தக் குவியலை வேறு இடத்துக்குச் சுமக்கப்போகிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அறை உள் அளவு 12க்கு 10. ஒன்பது இன்ச் சுவர். நாலு சுவரின் நீளத்தையும் கூட்டினால் போதுமா?

எந்த நீளத்தை? பலரும் சறுக்குகிற இடம் இதுதான். வெளிப்பக்கம் அளந்தால் பதின்மூன்றரையும் பதினொன்றரையும், சுற்றி வந்தால் 50 அடி. உள்பக்கம் 44. இரண்டுமே தப்பு. வெளி அளவில் நாலு மூலையும் இரண்டு தடவை எண்ணப்படும், உள் அளவில் மூலையே வராது. சுவரின் நடுக்கோட்டைப் பிடியுங்கள்: 12.75 கூட்டல் 10.75, அதன் இரட்டிப்பு, 47 அடி. 50 என்று போட்டிருந்தால் 10 அடி உயரத்துக்கு 30 சதுர அடி கூடுதல். சுமார் 260 கல், வெறும் மூலையால். உள்ளே குறுக்குச் சுவர் வந்து முட்டினால், முட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் சுவர்க் கனத்தில் பாதியைக் கழியுங்கள்.

கேள்வி: என் சுவர் 15க்கு 8, நாலரை இன்ச். எத்தனை கல்?

கல்லை அளந்தீர்களா? 9க்கு 3 வந்தால் 520. வராவிட்டால் 520 இல்லை.

கேள்வி: சிமெண்ட் எத்தனை மூட்டை?

அது தனிக் கணக்கு, இன்னொரு நாள். இப்போதைக்கு ஒன்று: கல்லின் தலையில் குழி இருந்தால் சாந்து கூடுதலாகக் குடிக்கும். கல்லின் எண்ணிக்கை மாறாது.

கேள்வி: எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டினால் கால்வாசிக் கல் மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரவலாக்கிய முறை. எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒன்று. நடுவே காலி. சுவர்க் கனம் அதே ஒன்பது இன்ச்.

குறுக்கே ஒருவர்: எல்லாம் புரளி. நான் கட்டிப் பார்த்தேன், பத்துக் கல்கூட மிச்சமாகவில்லை.

இன்னொருவர்: உங்கள் கொத்தனாருக்குத் தெரியவில்லை. எனக்குக் கால்வாசி மிச்சம், எண்ணியே பார்த்தேன்.

சண்டை வேண்டாம், போட்டுப் பார்ப்போம். என் 9, நாலே கால், 3 கல்லில் ஒரு தொகுப்பின் நீளம் ஒன்பதரையும் மூன்றரையும், ஆக 13 இன்ச். நிறுத்தி வைத்ததால் வரியின் உயரம் நாலே முக்கால். 61.75 சதுர இன்ச்சுக்கு 3 கல், அதாவது சதுர அடிக்கு 7. படுக்கவைத்துக் கட்டினால் 8.66. மிச்சம் 100க்கு 19. கால்வாசிக்கு எட்டவில்லை.

முதலாமவர்: அந்த 19கூட எனக்கு வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் கல் என்ன அளவு?

முதலாமவர்: 190, 90, 90 மில்லிமீட்டர்.

அப்படிச் சொல்லுங்கள்! அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கிற கல்லை நிறுத்தினால் என்ன, படுக்கவைத்தால் என்ன? இரண்டு 90ம் சேர்ந்து 180. கல் நீளம் 190. நடுவில் 10 மில்லிமீட்டர்தான் காலி. எப்படிக் கட்டினாலும் சதுர மீட்டருக்கு 100 கல். உங்கள் கொத்தனார் மேல் தப்பில்லை, அந்தக் கல்லுக்கு அந்த முறை ஒத்துவராது. மற்றவர் கல் சப்பையாக இருந்திருக்கும். 215, 102.5, 65 என்று ஒரு கல் உண்டு. அதில் 119 கல் பிடிக்கிற சதுர மீட்டர் 89இல் முடிந்துவிடும், சரியாகக் கால்வாசி மிச்சம். கல் எவ்வளவு சப்பையோ அவ்வளவு லாபம். இன்னொன்று, முதல் வரி, கடைசி வரி, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் காலி விடாமல் கட்ட வேண்டும். ஜன்னல் நிறைய உள்ள சுவரில் மிச்சம் இன்னும் கரையும்.

கேள்வி: சிவில் மாணவி. புத்தகத்தில் கனமீட்டருக்கு 500 என்று இருக்கிறது. அது சரியா மேடம்?

அந்த 500 மேலே சொன்ன 190, 90, 90 கல்லுக்கு. சாந்தோடு 0.2, 0.1, 0.1 மீட்டர், பெருக்கினால் 0.002. ஒன்றை அதால் வகுத்தால் 500. என் கல்லில் ஒன்பது இன்ச் சுவர் என்றால் கனமீட்டருக்கு 408தான். பரீட்சையில் 500 எழுதுங்கள், சைட்டில் அளந்து எழுதுங்கள்.

கேள்வி: சேதாரம் 5 போதுமா, 10 போடலாமா?

நன்றாக வெந்த கல்லுக்கு 5. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் 10 போட்டாலும் தாங்காது. உடைந்த கல் எல்லாம் சேதாரம் என்று தூக்கிப் போடாதீர்கள். நாலரை இன்ச் சுவரில் ஒருவரி விட்டு ஒருவரி இரண்டு முனையிலும் அரைக்கல் வேண்டும். 10 அடி உயரத்தில் 34 வரி, ஆக 34 அரைக்கல். லாரியில் உடைந்து வந்ததையே அதற்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கொத்தனார் முழுக்கல்லை உடைப்பார்.

கேள்வி: 12க்கு 9 சுவர், எத்தனை கல்?

முதல் பதில்.

கேள்வி: காம்பவுண்டு 60 அடி, எத்தனை கல்?

உயரம் சொல்லவில்லை, கனம் சொல்லவில்லை, கல் அளவும் சொல்லவில்லை. நான் என்ன சொல்ல?

கேள்வி: அக்கா, 15க்கு 8 சுவர் கேட்டவன். பத்துக் கல் அடுக்கி அளந்தேன். நீளம் 87 அரை இன்ச், உயரம் 28 முக்கால்.

இவ்வளவு கேள்விக்கு நடுவே டேப்பைக் கையில் எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு கல் 8.75க்கு 2.875. சாந்தோடு 9.25க்கு 3.375. சதுர அடிக்கு 4.61. உங்கள் 120 சதுர அடிக்கு 554, 520 இல்லை. சேதாரத்தோடு 582. லோடு கணக்கில் சொல்லாமல் எண்ணி இறக்கச் சொல்லுங்கள். இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.