கிளாட் தேர்வும் தமிழ்வழி மாணவர்களும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிப்பதற்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள கவலையைப் பலரும் தெரிவித்திருந்ததால், அதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருந்தது.

நான் கடலூர் முதுநகரில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறார். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கிளாட் தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். எனக்குச் சட்டமும் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். இது எனக்குச் சரிப்பட்டு வருமா?
– மாணவி, கடலூர் முதுநகர்

சட்டம் தெரியாது என்ற கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். கிளாட் தேர்வு எழுதுகிறவருக்குச் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டிலிருந்து இந்தத் தேர்வு முழுவதும் பத்தியைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறிவிட்டது. சுமார் 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுத்து, அதை ஒட்டிச் சில கேள்விகளைக் கேட்பார்கள். மொத்தம் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், பொது அறிவுடன் கூடிய நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுத்தறிவு, தர்க்கப் பகுத்தறிவு, அடிப்படைக் கணிதம் என ஐந்து பகுதிகள் உண்டு. நடப்பு நிகழ்வுகளும் சட்டமும் சேர்ந்தால் ஏறத்தாழப் பாதி மதிப்பெண். கணிதம் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் பத்தாம் வகுப்பு அளவில் சதவீதம், விகிதம், சராசரி ஆகியவற்றைத் தாண்டாது.

சட்டப் பகுதியின் போக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துச் சொல்கிறேன். பதினெட்டு வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும், அவருடைய உணவு, உடை, உறைவிடம், கல்வி போன்ற சொந்தத் தேவைகளுக்கான பொருளை ஒருவர் கொடுத்திருந்தால் மட்டும் அதன் விலையை அவருடைய சொத்திலிருந்து பெறலாம் என்றும் பத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் அண்ணனின் ஃபைபர் படகுக்காகக் கடையில் எஞ்சின் ஒன்றைக் கடனுக்கு வாங்குகிறான், தவணையைக் கட்டவில்லை. கடைக்காரர் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி.

இதே கேள்வியை, எனக்குத் தெரிந்த ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அவரும் உங்களைப் போலக் கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துப் பெண். "எஞ்சின் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, சார். அதனால் அது அவசியத் தேவைதான், கடைக்காரருக்குப் பணம் உண்டு" என்று சட்டென்று சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்னது உண்மை. ஆனால் பத்தி பேசுவது அந்தச் சிறுவனுடைய சொந்தத் தேவையைப் பற்றி, படகோ அண்ணனுடையது. ஆகவே வழக்குப் போட முடியாது என்பதே சரியான விடை. பத்தியில் இல்லாத நியாயத்தை நம் மனத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பதுதான், நல்ல மனம் படைத்த பிள்ளைகள் இந்தப் பகுதியில் மதிப்பெண்ணை இழப்பதற்கு முதல் காரணம் என்று நான் பார்த்திருக்கிறேன். சிறார் ஒப்பந்தம் பற்றிய இந்த விதி 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருப்பதும், 1903இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் அதை உறுதிசெய்ததும் சட்டக் கல்லூரியில் நீங்கள் படிக்கப்போகிறவை. தேர்வு அறையில் அவை தேவையில்லை.

இனி ஆங்கிலம். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது என்பது உண்மை. தமிழ்வழி மாணவருக்கு அது ஒரு சுமை என்பதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் துரோகம். நானும் தமிழ்வழியில் படித்துத்தான் சட்டக் கல்லூரிக்குப் போனேன். முதல் ஆண்டில் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இந்தத் தேர்வு உங்களை ஆங்கிலத்தில் பேசச் சொல்வதில்லை, ஒரு வரிகூட எழுதச் சொல்வதில்லை. படித்துப் புரிந்துகொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு திறமையை மட்டும் வளர்த்துக்கொள்ள உங்கள் கையில் ஓராண்டுக்கு மேல் காலம் இருக்கிறது.

முதல் நான்கு மாதங்கள் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் நாளொன்றுக்கு ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரு வரியில் ஓரத்தில் எழுதுங்கள். தமிழில் ஒரு வரி எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி புரியவில்லை என்று பொருள், மறுபடியும் படிக்க வேண்டும். தெரியாத எல்லாச் சொற்களுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'ப்ரொவைடட் தட்' (என்ற நிபந்தனையோடு), 'நாட்வித்ஸ்டாண்டிங்' (இருந்தபோதிலும்), 'ஒன்லி இஃப்' (இருந்தால் மட்டுமே) போன்ற சொற்களைக் கண்ட இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். விதிக்கு விலக்கு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுபவை அவைதாம், கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஐந்தாம் மாதத்திலிருந்து நேரம் குறித்துக்கொண்டு படிக்கத் தொடங்கலாம். ஒரு பத்தியையும் அதன் கேள்விகளையும் ஆறு நிமிடத்துக்குள் முடிக்கும் நிலை வந்துவிட்டால், தேர்வைத் தைரியமாக எழுதலாம்.

என் மகள் கிளாட் எழுத விரும்புகிறாள். பயிற்சி மையம் ஒன்றில் கேட்கும் கட்டணம் எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. அங்கே சேர்க்காவிட்டால் அவளுடைய வாய்ப்பைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
– தாய், லாஸ்பேட்டை, புதுச்சேரி

அம்மா, நகையை அடகு வைத்தெல்லாம் இதற்குப் பணம் கட்ட வேண்டாம். நல்ல பயிற்சி மையம் ஒழுங்கையும் மாதிரித் தேர்வுகளையும் தரும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படிக்கும் பழக்கத்தை எந்த மையமும் விலைக்குத் தர முடியாது. தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தன் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களையும் மாதிரித் தாள்களையும் வைத்திருக்கிறது. அவற்றில் 2020 முதல் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முந்தையவை 200 கேள்விகள் கொண்ட வேறு வகைத் தேர்வு. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை வாங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். வசதியற்ற மாணவர்களுக்குச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய 'இடியா' என்ற அமைப்பு, அவர் 2019இல் காலமான பிறகும் இயங்கி வருகிறது. அதற்கும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

நடப்பு நிகழ்வுகளுக்கு ரோமன் ரோலந்து நூலகமே போதும். நாளிதழைப் படித்துவிட்டு மூடிவைத்தால் மட்டும் பயனில்லை, ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அதன் வேர்வரை போக வேண்டும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிச் சட்டப்பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 30 பேர். அவர்களோடு மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்காமல் நியமித்தது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 டிசம்பரில் அந்த நியமனம் செல்லும் என்று தீர்ப்பானது. இந்த ஒரு செய்தியைத் தொடர்ந்து போனால் 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டம், அரசியலமைப்பின் 239ஏ பிரிவு, துணைநிலை ஆளுநரின் அதிகாரம், டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் உள்ள வேறுபாடு என்று நான்கு செய்திகள் சேர்ந்து கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு செய்திகளை இப்படி ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஓராண்டில் நூறு தலைப்புகள் அவளுடைய கைவசம் இருக்கும். விலை கொடுத்து வாங்கும் மாதாந்திரத் தொகுப்புகளைவிட அந்த நோட்டு பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டாமே? தெரியாத கேள்விகளை விட்டுவிடுவதா, குத்துமதிப்பாக எழுதுவதா? தேர்வு நாளில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர், அரியாங்குப்பம்

சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு 0.25 குறைப்பு. ஒன்றுமே தெரியாமல் 16 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், கணக்குப்படி 4 சரியாகி 12 தவறாகும். கிடைப்பது 4, போவது 3, மிஞ்சுவது 1. அந்த ஒன்றுக்காக நேரத்தைச் செலவிடுவது வீண். ஆனால் நான்கு விடைகளில் இரண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட 16 கேள்விகளில் 8 சரியானாலும், 2 போக 6 மதிப்பெண் கிடைக்கும்.

விடைகளை ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்ப வேண்டும், அழிக்க முடியாது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் வட்டங்களை நிரப்பிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்து, ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டு அழுத மாணவரை எனக்குத் தெரியும். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் ஓ.எம்.ஆர். தாளை அச்செடுத்துவைத்துக்கொண்டே எழுதுங்கள். தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடப்பதால், மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொக்கும் நேரம் அது.

இன்னொன்று, நம் பகுதி மாணவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேர்வு டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது. நமக்கு அது புயல் மாதம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1தான் தேர்வு. சாலையில் தண்ணீர் நிற்கும்போது விடியற்காலைப் பேருந்தை நம்பி வெளியூர்த் தேர்வு மையத்துக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமையே அந்த ஊரில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். நுழைவுச் சீட்டில் இரண்டு நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். முடித்தவன். கிளாட் எழுதி வழக்கறிஞர் ஆக முடியுமா?
– பட்டதாரி, பண்ருட்டி

இளநிலை கிளாட் தேர்வு, பிளஸ் டூவுக்குப் பிறகு சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கானது. வயது வரம்பு இல்லாததால் நீங்களும் எழுதலாம், ஆனால் ஐந்து ஆண்டுகள் படிக்க வேண்டியிருக்கும். பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பே பொருத்தம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

என் மகன் கிளாட்டில் தேறாவிட்டால் என்ன செய்வது? பிளஸ் டூ படிப்பும் இதனால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– தந்தை, நெல்லிக்குப்பம்

பிளஸ் டூ படிப்பை ஒருபோதும் கைவிடக் கூடாது. கிளாட் எழுதப் பொதுப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் பிளஸ் டூவில் 45 சதவீதமும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் எடுத்திருந்தால் போதும். ஆனால் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அந்தப் பிளஸ் டூ மதிப்பெண்ணே நுழைவுச் சீட்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்குக் காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, அதற்குப் புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்பதையும் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். கல்விக் கடனும் உதவித்தொகையும் கிடைக்கும், ஆனால் இடம் கிடைத்த பிறகு அலைவதைவிட முன்பே வங்கியில் விசாரித்து வைப்பது நல்லது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால், உங்கள் மகன் விருப்ப வரிசையில் அதை மறக்காமல் குறிப்பிட வேண்டும். சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே, ஜூன் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.