ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், கொண்டையைத் தளர்த்துங்கள்

கேள்வி: நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 26. பாடசாலை ஆசிரியை. ஒரு வருடமாக விடியற்காலையில் எழும்பி ஓடுகிறேன். எனக்கு இடுப்பு வரை முடி. ஓடும்போது முகத்தில் விழாமல் உச்சியில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். வந்ததும் அவசர அவசரமாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈர முடியை அப்படியே முறுக்கிக் கொண்டை போட்டு, சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பேன். பின்னேரம் நாலு மணிக்குத்தான் அவிழ்ப்பேன். இப்போது இரண்டு நெற்றிப்பொட்டிலும் முடி மெலிந்து தோல் தெரிகிறது. கொண்டையை அவிழ்த்தால் தலை வலிக்கிறது. அரிப்பும் பொடுகும் வேறு. தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் போட்ட இடத்தில் அம்மாவுக்கும் முடி இல்லை. இது பரம்பரையா? அம்மா ஓட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார். தோழி வெங்காயச் சாறு பூசச் சொல்கிறாள். முடியை வெட்டிவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தை விடாதீர்கள். உங்கள் முடியைக் கெடுப்பது ஓட்டம் அல்ல. ஓட்டத்துக்காகப் போட்ட கட்டு, அதற்கு மேல் போட்ட ஈரக் கொண்டை, இரண்டும் சேர்ந்து பத்துப் பதினொரு மணி நேரம் ஒரே இடத்தில் இழுப்பதுதான் காரணமாகத் தெரிகிறது. இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

பரம்பரையா என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு முடி போன இடத்தையும் உங்களுக்கு மெலிந்த இடத்தையும் பாருங்கள். அம்மாவுக்குக் கயிறு அழுத்திய இடம், உங்களுக்குக் கட்டு இழுக்கும் இடம். வருடக்கணக்காக ஒரே இடத்தில் விழுந்த இழுவையும் உராய்வும்தான் இரண்டுக்கும் காரணமாக இருக்க வேண்டும். அம்மாவின் தலையில் நடந்தது உழைப்பின் தழும்பு. அதைப் பரம்பரை என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார் என்றால், தலைத்துண்டை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். கயிறு விழும் இடத்தையும் நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக மாற்றிக்கொள்ளட்டும். முடி போய்ப் பல வருடமாகி வழுவழுப்பான இடத்தில் திரும்ப முளைப்பது கடினம். ஆனால் மெலிவு பக்கத்து இடங்களுக்குப் பரவாமல் தடுக்கலாம்.

உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற முடியிழப்பை டொக்டர்மார் டிராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். இழுவையால் வரும் முடியிழப்பு. தலைமுடி ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் இழுபடும்போது வேரைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. முடி மெலிகிறது, பிறகு விழுகிறது. நெற்றி ஓரத்து முடி இயல்பிலேயே மெல்லியது. உச்சிக் கட்டின் இழுவையும் அங்கேதான் அதிகம் விழும். அதனால்தான் முதலில் நெற்றிப்பொட்டு காட்டிக்கொடுக்கிறது. ஆரம்பத்தில் வேர் உயிரோடுதான் இருக்கும், இழுவை நின்றால் முடி திரும்ப வரும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகி மூடிவிடும். நீங்கள் ஒரு வருடத்திலேயே கண்டுபிடித்து எழுதியது நல்லது.

நாளைக் காலையில் வெளிச்சம் வந்ததும் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில் நின்று கண்ணாடியில் பாருங்கள். மெலிந்த இடத்துக்கு முன்னால், நெற்றி ஓரமாகக் குட்டையான, மெல்லிய பூனை முடி ஒரு வரிசையாக நிற்கிறதா? கட்டுக்குள் அகப்படாததால் தப்பிய முடிகள் அவை. இழுவைதான் காரணம் என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். முடி வேரைச் சுற்றிச் சிறு பரு மாதிரி சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் பளபளவென்று, முடித்துளையே தெரியாமல் இருந்தால் நான் கீழே சொல்லும் மூன்று மாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே டொக்டரிடம் போங்கள்.

சரி, ஓடும்போது எப்படிக் கட்டுவது? உச்சியில் குதிரைவால் கட்டினால் ஒவ்வொரு எட்டுக்கும் அது ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேர் இழுபடும். இடுப்பு வரை முடியென்றால் பாரமும் குறைவில்லை. அதனால் பிடரிக்குக் கீழே, தாழ்வாக, தளர்வாக ஒரு பின்னல் போடுங்கள். ரெட்டைப் பின்னல் இன்னும் நல்லது, பாரம் இரண்டாகப் பிரியும். பள்ளிக்கூடக் காலத்தில் போட்டதைப் போல ஆரம்பத்திலேயே இழுத்து இறுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று மடிப்பைத் தளர்வாக விட்டு, காதுக்குக் கீழே வந்த பிறகு கொஞ்சம் இறுக்கலாம். நுனியில் துணி சுற்றிய பேண்ட் போடுங்கள். பார்சல் கட்டும் மெல்லிய ரப்பர் வளையமும், இரும்புப் பூட்டு வைத்த பேண்டும் முடியை அறுக்கும். அவற்றைத் தலையில் போடவே வேண்டாம். பின்னல் முதுகில் அடிக்கிறது என்றால் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிய பிறகு புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால் இறுக்கம் அதிகம். முடிக்கும் தோலுக்கும் நடுவில் விரல் சுலபமாக நுழைய வேண்டும். வலித்தால் அந்தக் கட்டு கூடாது. பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முன்னால் பறக்கும் சின்ன முடிகளுக்காகத்தான் பெரும்பாலும் எல்லோரும் இறுக்குகிறார்கள். அதற்கு அகலமான பருத்தித் துணிப் பட்டி ஒன்று போதும். வகிட்டையும் வாரத்துக்கு ஒரு தரம் இடம் மாற்றி எடுங்கள்.

உங்கள் பக்கத்துக் காலைக் குளிருக்குக் கம்பளித் தொப்பி போடாமல் ஓட முடியாது. போடுங்கள். ஆனால் கம்பளி நேரே முடியில் உரசாமல் உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் அடிக்கடி துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். வியர்வை ஊறிய தொப்பியை நாள்கணக்கில் போட்டால் அரிப்பு போகாது.

அடுத்தது ஈரம். மலையகத்தில் இது பெரிய விஷயம். கொழும்பில் சீக்கிரம் காயும் முடி, மூட்டமும் தூறலும் உள்ள நாளில் உங்களுக்குப் பின்னேரம் வரை காயாது. ஈர முடி உலர்ந்த முடியை விட அதிகமாக நீளும், சுலபமாக அறும். அதை முறுக்கிக் கொண்டை போட்டால் இழுவையும் கூடுகிறது, உள்ளே வேரும் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எல்லோர் தலையிலும் இருப்பதுதான். ஈரமும் எண்ணெய்ப் பசையும் கிடைத்தால் பெருகும். ஆகவே காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். வியர்வை முடியைக் கொட்டவைக்காது. அது உப்புத் தண்ணீர்தான். காயவிட்டால் போதும்.

ஓடிவிட்டு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பின்னலை அவிழ்ப்பது. பழைய பருத்தித் துணியால் வேர்ப்பக்கத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். விரலால் கோதிவிட்டு, தேத்தண்ணி குடித்து, சேலையை அயர்ன் பண்ணி முடிக்கும்வரை விரித்தே விடுங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பெரிய உதவி செய்யும். அப்புறம் பாடசாலைக்குப் பிடரியில் தளர்வான கொண்டை. பேண்ட் போட்டு முறுக்காமல் பெரிய கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் கட்டிக்கொண்டு படுக்காதீர்கள்.

தலை குளிப்பதை வாரத்தில் இரண்டு மூன்று நாள், வெயில் இருக்கும் பின்னேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பீலியில் விழும் குளிர்ந்த ஊற்றுத் தண்ணியில் குளிப்பதால் முடி கொட்டாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதுதான் தோலை வறட்டும். இளஞ்சூடு போதும். முடியைக் காயவைக்க அடுப்படியில் குனிந்து நிற்கும் பழக்கம் நம் லயங்களில் உண்டு. புகையும் சூடும் முடியைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஹெயார் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து வேர்ப்பக்கத்தை மட்டும் காயவையுங்கள். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள்.

பொடுகுக்கு கீட்டோகோனசோல் ஷாம்பு பாமசியில் கிடைக்கும். வாரத்தில் இரண்டு முறை, தலைத்தோலில் பூசி மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நாலு வாரம் செய்து பாருங்கள். அதுவரை தலைத்தோலில் எண்ணெய் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது, முடியின் புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறைக்கும். அதனால் குளிக்க ஒரு மணி நேரம் முன்னால் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் பூசுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்குப் போத்தலில் வெள்ளையாக உறைந்துதான் கிடக்கும். சுடுதண்ணீர்க் கோப்பையில் போத்தலைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். உறைந்த கட்டியைத் தலையில் வைத்து அரக்கித் தேய்க்காதீர்கள். வெங்காயச் சாறு வேண்டாம். ஏற்கெனவே அரிக்கிற தோலில் எரிச்சலைத்தான் கூட்டும். இழுவை இருக்கும்வரை எந்தச் சாறும் உதவாது.

வெட்டுவதா? வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையல்ல. பாரம் குறையும், சீக்கிரம் காயும், அவ்வளவுதான். நீங்கள் ஆசையோடு வளர்த்த முடியென்றால் பயத்தில் வெட்ட வேண்டாம். முதுகு நடு வரை குறைத்துப் பார்க்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால் செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது சாதாரணம். நெற்றிப்பொட்டில் மட்டுமல்லாமல் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக வருகிறது என்றால் இழுவைக்கு மேல் வேறு காரணமும் இருக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல், பட்டினி கிடந்து எடை குறைத்தது, இரும்புச்சத்துக் குறைவு எல்லாம் அப்படிக் காட்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம். நீங்கள் ஓடவும் செய்கிறீர்கள். ஒரு தரம் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுக்கவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடும்போது கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் தினமும் கண்ணாடியைப் பார்த்து மனம் நோகாதீர்கள். மாதம் ஒரு தரம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஃபோனில் படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் புதுக் குட்டை முடி தெரியாவிட்டாலோ, பருவில் சீழ் வைத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல், பின்னாமல் போங்கள். எடுத்த படங்களையும், தினமும் போடும் பேண்டையும் கையோடு கொண்டுபோய், ஓடும்போது எப்படிக் கட்டுவீர்கள், பாடசாலைக்கு எப்படிக் கொண்டை போடுவீர்கள் என்று டொக்டர் முன்னால் செய்தே காட்டுங்கள்.